முத்துக்குளித்துறை

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. மேற்கே வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறக்கும் நொய்யலாறு கோவையையும் திருப்பூரையும் கடந்து, கிழக்கே ஓடிக் காவிரியில் கலந்துவிடுகிறது. அதன் கரையில் வாழும் மக்கள் உப்புக் காற்றில் வளர்ந்தவர் அல்லர்; அலையோசையில் உறங்கியவரும் அல்லர். அவர்கள் செவியில் இரவும் பகலும் விழுவது பின்னல் எந்திரத்தின் ஓசையே. ஆயினும், அயல்நாட்டுக்கென்று திருப்பூரில் தைத்து, மடித்து, அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்படும் பனியன்கள் கடலை நோக்கியே புறப்படுகின்றன. அந்தி சாய்ந்தபின் தாராபுரம் சாலை வழியே தெற்கு நோக்கி விரையும் சரக்கு வண்டிகள் பல, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து சென்று சேரும் இடம் தூத்துக்குடி. கொச்சித் துறையும் சென்னைத் துறையும் திருப்பூர்ச் சரக்கை ஏற்றுவதுண்டு. எனினும், கடலில்லாத கொங்கு நாட்டின் கடல்வாயில் எது என்று கேட்டால், தூத்துக்குடி என்று சொல்வது பிழையாகாது.

உள்நாட்டுக்கும் கடற்றுறைக்கும் உள்ள இவ்வுறவு நேற்றுத் தோன்றியதன்று. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்றோர் ஊர் உண்டு. சங்க காலத்தில் மணிகளுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே அகழ்ந்து பார்த்த அறிஞர்கள் கல்மணி செய்த பட்டறைகளையும், இரும்பு உருக்கிய உலைகளையும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் கண்டார்கள். அவற்றோடு சங்கில் அறுத்த வளைகளும் கிடைத்தன. கடலைக் காணாத ஊரிலே கடற்சங்கின் வளை கிடப்பானேன்? கொங்கின் மணி கடற்கரைக்குச் சென்றது. கடற்கரையின் சங்கு கொங்குக்கு வந்தது. இன்று மணிக்குப் பதிலாகப் பனியன் செல்கிறது என்பதே வேறுபாடு.

ஆதலின், தூத்துக்குடியின் கதையை அறிவது கடற்கரை மாணவர்க்கு மட்டும் உரிய பாடமன்று.

துறைமுகம் என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பது என்றே எல்லோரும் எண்ணுவர். பாண்டிய நாட்டுத் துறைமுகமோ நடந்து வந்த துறைமுகம். அதனை நடத்தி வந்தது தாமிரவருணி ஆறு. ஆற்றின் கழிமுகத்தில் முன்பு சிறந்திருந்தது கொற்கை. அவ்வூரின் முத்தைச் சங்கப் புலவர் பாடினர். கிரேக்க வணிகரும் தம் நூல்களில் அதன் பெயரைக் குறித்தனர். ஆனால் ஆறு ஆண்டுதோறும் மண்ணைக் கொணர்ந்து கொட்டிக் கொண்டேயிருந்தது. கடல் பின்வாங்கிற்று. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வயல்களின் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. கொற்கைக்குப்பின் காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயலில் வந்து நின்ற குதிரைக் கப்பல்களையும், அதனை அடுத்த கடலில் நிகழ்ந்த முத்துக்குளிப்பையும் எழுதி வைத்திருக்கிறார். காயலையும் ஆறு விட்டுவைக்கவில்லை. அதுவும் தூர்ந்தபின், ஆற்றின் வாயிலிருந்து வடக்கே சற்று விலகி நின்ற தூத்துக்குடி தலையெடுத்தது. ஆறு கொண்டுவரும் மண் எட்டாத தொலைவில் இருந்ததே அதன் முதற் செல்வம் எனலாம்.

மன்னார் வளைகுடாவின் இக்கரை ஓரத்தில் கடல் ஆழம் குறைந்தது. கரையிலிருந்து பல கிலோமீட்டர் சென்றாலும் ஒரு மனிதன் மூழ்கித் தரையைத் தொட்டு மீளக்கூடிய ஆழமே பல இடங்களில் உண்டு. கப்பலோட்டிகளுக்கு இது பெருங்குறை. முத்துக் குளிப்பவர்க்கோ இதுவே பெரும்பேறு. தூத்துக்குடியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கிக் கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். கதையைக் கேட்டபின் அவ்வாறு தோன்றாது.

ஆழங் குறைந்த அக்கடலின் அடியிலே ஆங்காங்குப் பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் பார் என்று மீனவர் வழங்குவர். முத்துச் சிப்பியின் குஞ்சுகள் நீரில் மிதந்து திரிந்து, பின்பு இப்பார்களில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்று முன்னோர் கூறினர். அழகான எண்ணம்தான், ஆயினும் உண்மை அதுவன்று. சிப்பியின் மென்மையான உடலுக்குள் அயற்பொருளோ நுண்ணுயிரோ புகுந்து உறுத்தும்போது, அது தன் ஓட்டின் உட்புறத்தைப் பூசுகின்ற ஒளியுடைய பொருளாலேயே அவ்வுறுத்தலையும் சுற்றி மூடிவிடுகிறது. அடுக்கடுக்காகப் படிந்த அம்மூடலே முத்து. மகளிர் கழுத்தில் ஒளிரும் அணி, ஓர் எளிய உயிர் தன் நோவைப் பொதிந்து வைத்த பொதி.

சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. சில காலம் பார்கள் நிறைந்திருக்கும். சில காலம் பத்து, இருபது ஆண்டுகள்கூட வெறுமையாய்க் கிடக்கும். ஆகவே, குளிப்புக்கு முன்னே பார்களைச் சோதித்துச் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று அறிவர். மூன்று நான்கு ஆண்டு வளர்ந்த சிப்பியே ஏற்றது. முன்னே எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். காலம் தாழ்ந்தாலோ சிப்பி மடிந்து, முத்தும் மண்ணோடு போகும். சோதனையில் தேறிய ஆண்டில், காற்றடங்கிக் கடல் தெளிந்திருக்கும் மாசி, பங்குனித் திங்கள்களில் குளிப்பு நடக்கும். அப்போது ஆளில்லாத கடற்கரையிலே ஓலைக் குடிசைகள் முளைத்து ஒரு நகரமே தோன்றிவிடும். பரதவர் வருவர், கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து முகம்மதிய மூழ்காளிகள் வருவர், வணிகர், தட்டார், மருத்துவர், உணவுக்கடை வைப்பவர், கைப்பொருளைக் கவர வரும் கள்வர் என்று எல்லோரும் வந்து கூடுவர். குளிப்பு முடிந்ததும் அந்நகரம் இருந்த சுவடே இராது.

குளிக்கும் முறை மிக எளியது. எளியது என்பதனாலேயே அரியது. தோணிகள் இரவிலேயே கிளம்பி, விடியும்போது பாரின்மேல் நிற்கும். மூழ்குவோன் இடையிலே ஒரு துணியும், சிப்பி சேர்க்கும் வலைப்பையும் உடையவன். கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் ஒரு காலை வைத்து, மூச்சை நிரப்பிக்கொண்டு, மூக்கைப் பிடித்துத் தலையசைப்பான். கயிறு நெகிழும். கல் அவனை ஐந்து முதல் பத்துப் பாகம் வரை, அதாவது ஏறத்தாழ முப்பது முதல் அறுபது அடி வரை, கீழே கொண்டுபோய்விடும். அடியைத் தொட்டவுடன் அவன் கல்லை விட்டுவிடுவான். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வர். அவனோ தரையோடு தரையாக ஊர்ந்து, கைக்கு எட்டிய சிப்பிகளைப் பறித்துப் பையில் இடுவான். ஒரு நிமிடம், சிலர் அதற்கு மேலும் சற்று நேரம் தாங்குவர். பிறகு கயிற்றை ஒருமுறை சுண்டுவான். மேலே இருப்பவன் அக்கணமே பையை இழுக்கவேண்டும். அவன் கண் வேறெங்கும் போகலாகாது, மனமும் போகலாகாது. இவ்வாறு ஒருவன் ஒருநாளில் நாற்பது, ஐம்பது முறை இறங்கி ஏறுவான்.

கயிறு பிடிப்பவன் மூழ்குவோனின் மனைவியோடு உடன்பிறந்தவனாக இருப்பான் என்று ஒரு வழக்கம் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. தன் உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றில் தொங்குவதை அறிந்தவன் கைசோரமாட்டான் என்பது கருத்து. எல்லாத் தோணிகளிலும் இவ்வாறே இருந்ததோ இல்லையோ, இப்படி ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டிய அளவுக்குத் தொழில் கொடியதாக இருந்தது என்பது மட்டும் விளங்குகிறது. முத்தைப் பாடிய புலவர் பலர். முத்தை அணிந்த அரசியரைப் பாடிய புலவர் அவரினும் பலர். கயிறு பிடித்தவனைப் பாடியவர் அரியர்.

சுறாமீனுக்கு அஞ்சிய காலமும் உண்டு. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவோர் தோணிகளோடு சென்றனர் என்றும், முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்க்கும், பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் சேர்ந்தது என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். பின்வந்த ஆட்சிகளிலே பங்கு தலைகீழாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் சிப்பி கரைக்கு வந்ததும் மூன்று கூறாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு கூறு அரசுக்கு. ஒரு கூறு மூழ்கியவர்க்கு. அரசின் கூறு அங்கேயே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போயிற்று. ஏலம் எடுத்த வணிகர் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, அரித்து, சல்லடைகளில் முத்தைத் தரம்பிரித்தனர். அழுகல் நாற்றம் காததூரம் வீசும். அந்நாற்றத்தின் நடுவேதான் உலகின் தூய்மைக்கு உவமையான பொருள் பிறந்தது.

முத்தைத் தேடி வந்த ஆட்சிகள் பல. 1530களில் பரதவர், கடலில் தம்மை நெருக்கியவரிடமிருந்து காப்புவேண்டிப் போர்த்துக்கீசியரை நாடினர். அவர்தம் சமயத்தையும் தழுவினர். 1542இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்து ஊர் ஊராக நடந்தார். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825இல் அது முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கொடிகள் மாறின, மூழ்கியவன் மாறவில்லை.

ஆயினும் இவ்வரலாற்றில் தமிழ் மாணவர் மறக்கலாகாத ஒரு செய்தி உண்டு. இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் காலத்தால் முந்தியது ‘தம்பிரான் வணக்கம்’. 1578ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கச் சிறுநூல் அது. அதனைத் தமிழில் ஆக்கியவர் இக்கரையில் நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார். செலவுக்குப் பொருள் ஈந்தவர் முத்துக்குளித்துறைப் பரதவர். கடலடியில் மூச்சையடக்கி ஈட்டிய காசு, தமிழ் எழுத்தை முதன்முதல் அச்சேற்றிற்று. கல்வி நிலையங்கள் நிறைந்த பெருநகர் எதற்கும் கிட்டாத பெருமை இது.

இனிக் கப்பலுக்கு வருவோம். ஆழமற்ற கடல் முத்தைத் தந்ததேயன்றிப் பெருங்கப்பலைக் கரைக்கு வரவிடவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது, கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவிலேயே நங்கூரம் இட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே பருத்திப் பொதியையும் பயணியையும் சுமந்தவை தோணிகள். தூத்துக்குடித் தோணி என்பது சிற்றோடம் அன்று. உள்ளூர்த் தச்சர் கட்டிய பெரிய மரக்கலம். அது துறைக்குள் சரக்குச் சுமந்ததோடு நில்லாமல், பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சென்று மீண்டது. அதன் தலைவனைத் தண்டல் என்பர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, விண்மீனையும் நீரின் நிறத்தையும் கொண்டு வழியறிந்த தண்டல்மார் இக்கரையில் வாழ்ந்தனர். தோணித் தொழிலையும் பரதவர் வாழ்வையும் விரித்துரைக்கும் ‘கொற்கை’ என்னும் புதினத்துக்காக, இக்கடற்கரையிலே பிறந்த ஜோ டி குரூஸ் 2013இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார்.

1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. கரிசல் நிலத்துப் பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கிற்று. 1888இல் ஹார்வி நிறுவனத்தார் இங்கே பஞ்சாலை கண்டனர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஏழை மக்களுள் பல்லாயிரவர் இத்துறையிலிருந்தே கொழும்புக்குக் கப்பலேறினர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுக்கோடி வழியாக இலங்கைக்குப் புதுவழி ஏற்படும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர்க்குத் தூத்துக்குடியே கடல்வாயில்.

அக்கடல்வழியை ஆங்கிலக் கப்பல் நிறுவனம் ஒன்றே ஆண்டுகொண்டிருந்தது. அதனை எதிர்த்து, 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம். பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்பு இனாமாகவே ஏற்றிச் சென்றது. குடையும் கொடுத்தது என்பர். குடைக்கு மயங்காத மக்களும் இருந்தனர். 1908 தொடக்கத்தில் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற சிதம்பரனார் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் சிறைப்பட்டார். கடுந்தண்டனை பெற்ற அவர் அடைபட்ட இடம் கோயம்புத்தூர்ச் சிறை. கடலில் கப்பல் விட்ட கைகள் கடலில்லாத கொங்கு நாட்டிலே செக்கிழுத்தன. 1912இன் இறுதியில் அவர் விடுதலை பெற்று வெளிவந்தபோது, கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. சிறைவாயிலிலே அவரை வரவேற்கத் திரண்ட கூட்டமும் இல்லை.

விடுதலை பெற்ற நாட்டிலே துறைமுகத்துக்குப் புதுவாழ்வு வந்தது. கப்பல் கரைக்கு வாராவிட்டால் கரையைக் கப்பலிடம் கொண்டுசெல்வது என்று பொறியியல் வல்லுநர் துணிந்தனர். கடலுக்குள்ளே இரண்டு கற்கரைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளம், கல்லின்மேல் கல்லாக நீட்டப்பட்டன. அவற்றிடையே அலையடங்கிய நீர்ப்பரப்பு ஒன்று உண்டாயிற்று. அதன் அடி தோண்டி ஆழமாக்கப்பட்டது. 1974 ஜூலைத் திங்களில் இது நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. கப்பல் வாங்கியவனைச் சிறையிட்ட கரையிலே, கப்பல்கள் எல்லாம் அவன் பெயரைச் சொல்லி நுழைகின்றன.

கப்பல் கரையணைந்ததும், இடையிலே சுமந்த தோணிக்கு வேலை குறைந்தது. இயற்கையின் குறையே தோணிக்காரனின் பிழைப்பாக இருந்தது. குறை நீங்கவே அப்பிழைப்பும் சுருங்கியது. பாய்மரம் போய்ப் பொறி வந்தது. ஆயினும் தோணி முற்றும் மறைந்துவிடவில்லை. பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் வெங்காயமும் கட்டடப் பொருளும் ஏற்றிக்கொண்டு அது இன்றும் மாலத்தீவுக்குச் செல்கிறது. புதிய துறைமுகத்திலோ இரும்புப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. திருப்பூரின் பனியன் பெட்டிகளுள் பல, சிறிய கப்பலில் ஏறிக் கொழும்பை அடைந்து, அங்கே பெருங்கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. பொருளும் கலமும் மாறினும், கொழும்புக்கு ஒருமுறை சென்று திரும்பும் பழைய வழி மாறவில்லை.

அப்படியானால் முத்து என்னவாயிற்று? 1926 முதல் 1928 வரை குளிப்பு நடந்தது. பின்பு நெடுங்காலம் பார்கள் வெறுமை. 1955இல் சிப்பி மீண்டும் நிறைந்தது. 1961 வரை ஆண்டுதோறும் குளித்தனர். அதுவே கடைசி. அதன்பின் பார்கள் குளிப்புக்குரிய அளவில் நிறையவே இல்லை. சிப்பியைத் தின்னும் மீன்கள், மாறிய நீரோட்டம், மிகுதியாக எடுத்தது, கலங்கிய நீர் என்று அறிஞர் பல காரணம் கூறுவர். இதற்கிடையே தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், 1973 ஜூலையில், சிப்பியினுள் சிறு மணியைப் புகுத்தி முத்தை வளர்த்துக் காட்டினர். ஆராய்ச்சி வென்றது, மூழ்காளியின் தொழில் திரும்பவில்லை. ஈராயிரம் ஆண்டுத் தொழிலொன்று, எவரும் முடித்து வைக்காமலே, ஒரு பருவத்தோடு நின்றுபோயிற்று. அன்று கரையேறியவர் அடுத்த ஆண்டும் வருவோம் என்றே எண்ணியிருப்பர்.

முத்துப் பார்களுக்கு அருகே பவளப் பாறைகளும் உண்டு. தூத்துக்குடிமுதல் இராமேசுவரம்வரை இருபத்தொரு சிறு தீவுகள் கரையோரம் வரிசையாக அமைந்திருந்தன. மீனுக்கு அவை ஈற்றிடம்; கரைக்கு அவை மதில். சுண்ணாம்புக்கென்று அப்பவளப் பாறைகளைப் பல காலம் வெட்டியெடுத்தனர். மதிலை இழந்த தீவுகளை அலை அரித்தது. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லி கடலுள் அமிழ்ந்தது. வான்தீவு சுருங்கிச் சிறு மணல்திட்டாயிற்று. 1986இல் இப்பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பின்னாளில் வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. வெட்டி எடுத்த கல்லுக்கு ஈடாகச் செய்த கல்லைப் போட வேண்டியதாயிற்று.

நொய்யற்கரை மக்களுக்கு இக்கணக்கு புதியதன்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும்வரை அக்கேடு நீண்டது. அதன்பின் கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறை, பெருஞ் செலவில், அங்கே வேரூன்றிற்று. ஆற்றங்கரை ஊரும் கடற்கரை ஊரும் வாணிகத்தால் வளர்ந்தவை. இரண்டிடத்திலும் விலையின் ஒரு பகுதியை நீர் செலுத்தியது. அந்நீரை நம்பிய உழவனும் மீனவனும் மிகுதியைச் செலுத்தினர்.

மீனவர் இன்றும் கடலுக்குச் செல்கின்றனர். திரேஸ்புரத்துக் கரையிலே வள்ளங்கள் வரிசையாக நிற்கும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, கரையை அடுத்த மூன்று கடல்மைல் நீர் பழைய முறைத் தொழிலாளர்க்கு உரியது; இழுவை விசைப்படகுகள் அதற்கு அப்பால் செல்லவேண்டும். எல்லை நீரில் கோடாகத் தெரியாது ஆகையால் பூசல்களும் உண்டு. மீன் ஈனும் காலமென்று ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலை பழுது பார்ப்பதும், கடன் கணக்கைப் பார்ப்பதும் அந்நாட்களின் வேலை.

முத்து மறைந்தபின்னும் மூழ்கும் கலையை உயிரோடு வைத்திருப்பது சங்கு. மூழ்குவோர் தேடும் சங்கு பாறையில் இராது; மணலில் வாழும். எல்லா மணலிலும் வாழாது. அதன் இரையான புழுக்கள் நிறைந்த மணலையே நாடும். அதனைப் பூச்சிமணல் என்று மூழ்காளிகள் பெயரிட்டழைத்தனர். நீரின் மேலிருந்தே அடிமணலின் தன்மையை ஊகித்த அவர் அறிவைக் கண்டு, இங்கே முத்து, சங்குத் தொழில்களின் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் வியந்தார். 1914இல் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். தூத்துக்குடிச் சங்கு கல்கத்தாவுக்குப் போகும். அங்கே அதனை அறுத்து வளை செய்வர். வங்காளத்து மணமகள் கையிலே அணியும் வெண்சங்கு வளை அதுவே. பல்லாயிரத்தில் ஒன்று வலப்புறம் சுழித்திருக்கும். அந்த வலம்புரி கிடைத்தவனுக்கு அன்று திருநாள்.

இன்று மூழ்குவோருள் பலர் கல்லையும் கயிற்றையும் விட்டுவிட்டனர். படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து நீண்ட குழாய் வழியே மூச்செடுத்து, முன்னோர் எட்டாத ஆழத்துக்கும் செல்கின்றனர். அங்கே ஒரு நிமிடம் அன்று, மணிக்கணக்காகவும் தங்கலாம். ஆனால் விரைந்து மேலே வந்தால் குருதியிலே காற்றுக்குமிழி தோன்றிக் கைகால் முடங்கும், உயிரும் போகும். மூச்சடக்கிச் சென்றவனுக்கு இந்நோய் அரிது. அவனை மேலே வரச் சொன்னது அவன் நெஞ்சே. குழாயில் செல்பவனுக்கு அவ்வாறு சொல்ல உள்ளே ஒன்றும் இல்லை. படகிலே குழாயைக் காத்து நிற்பவன் ஒருவன் இன்றும் உண்டு. பெரும்பாலும் அவனும் உறவினனே.

சங்குக்குளிப்பு அரசின் தனியுரிமையாக இருந்த நாளில், மாலையில் வள்ளங்கள் கரைசேர்ந்ததும், சங்கை எண்ணி வாங்கும் இடத்தில் ஓர் அளவைத் துளை இருக்கும். ஒவ்வொரு சங்கையும் அதில் இட்டுப் பார்ப்பர். துளையில் நிற்பது விலைக்குரியது. துளையினுள்ளே நழுவிப்போவது இன்னும் வளரவேண்டியது. நழுவிய சங்குகளை ஒரு கூடையில் சேர்த்து, மறுபடியும் கடலுக்குக் கொண்டுசென்று, உயிரோடு மணலில் விட்டுவருவர்.